100 நாளில் ஒரு மஸ்டாங்: பட்டியிலிருந்து போட்டிக் களம் வரை, களத்திலிருந்து புது வீடு வரை

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான போட்டி உண்டு. மஸ்டாங் எனும், மனிதக் கை படாத காட்டுக் குதிரை ஒன்றைக் குலுக்கல் முறையில் பயிற்சியாளரிடம் ஒப்படைப்பார்கள். அவகாசம் சுமார் 100 நாள். அதற்குள் குதிரையைப் பழக்கி, சேணம் பூட்டி, ஏறி உட்கார்ந்து, கூட்டத்தின் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். போட்டி முடிந்த கையோடு அந்தக் குதிரை பொது ஏலத்துக்கு வரும். கேட்டு எடுப்பவர் வீட்டுக்கு ஓட்டிப் போவார்.

கூட்டத்துக்குத் தெரிவதெல்லாம் கடைசியில் இசையோடு நடக்கும் சில நிமிட ஆட்டம்தான். என் கணக்கு வேறு. மறுநாள் காலை, குதிரையை எடுத்துப் போனவர் தன் வீட்டில் தலைக்கயிறு மாட்ட முடிகிறதா, குளம்பைத் தூக்கிப் பார்க்க முடிகிறதா, வண்டியில் ஏற்ற முடிகிறதா? பயிற்சியாளருக்கு மதிப்பெண் போட வேண்டிய இடம் அது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் காலையை மனதில் வைத்து எழுதியது.

மஸ்டாங் யார் வீட்டுக் குதிரை?

மெஸ்தேன்யோ என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. உடையவன் இல்லாமல் திரியும் கால்நடை என்று பொருள். வட அமெரிக்காவின் ஆதிக் குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. இன்றைய மஸ்டாங்குகள் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த குதிரைகளின் வாரிசுகள். பிற்பாடு பண்ணைகளிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் தப்பியவை, கைவிடப்பட்டவை எல்லாம் அவற்றோடு கலந்தன. நம் கோடியக்கரைச் சரணாலயத்தில் திரியும் குதிரைகளும் இந்த வகைதான். பிறவிக் காட்டு விலங்கு கிடையாது, வீட்டை மறந்த விலங்கு. பயிற்சியாளருக்கு இருக்கும் ஒரே சாதகமும் இதுதான். மனிதனோடு சேர்ந்து வாழும் தன்மை அதன் ரத்தத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

1950களில் இவற்றை லாரியாலும் விமானத்தாலும் விரட்டிப் பிடித்து இறைச்சிக்கு விற்றார்கள். நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி, ‘காட்டுக் குதிரை ஆனி’ என்று மக்கள் அழைத்தவர், அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். அதன் விளைவாக 1959இல் ஒரு சட்டம் வந்தது. 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் குதிரைகளுக்கும் காட்டுக் கழுதைகளுக்கும் முழுப் பாதுகாப்பு கொடுத்தது. பெரும்பாலானவற்றின் பொறுப்பு பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகத்திடம் வந்தது.

பாதுகாப்பு கிடைத்தது, எண்ணிக்கை பெருகியது. நிலம் தாங்கும் என்று பணியகம் சொல்லும் அளவு ஏறத்தாழ 25,500. 2024 மார்ச் கணக்கில் குதிரையும் கழுதையுமாக வெளியில் இருந்தவை சுமார் 73,500. பிடித்து அடைத்து வைத்திருப்பவை இது போக 60,000க்கும் மேல். அந்தத் தாங்கும் அளவே சரியா, அதே நிலத்தில் மேயும் மாடுகளை ஏன் கேட்பதில்லை என்று அங்கே ஓயாத சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நின்றாலும், பட்டியில் அடைபட்டு நிற்கும் குதிரைக்கு வீடு தேட வேண்டிய வேலை மாறாது. பழக்கிய குதிரைக்கு வீடு கிடைப்பது எளிது. போட்டியின் பிறப்பும் இங்கேதான். மஸ்டாங் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2007இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ‘எக்ஸ்ட்ரீம் மஸ்டாங் மேக்ஓவர்’ போட்டியைத் தொடங்கியது.

போட்டிக்கு வெளியேயும் வழிகள் உண்டு. நெவாடாவின் கார்சன் சிட்டி, வயோமிங்கின் ரிவர்ட்டன் போன்ற இடங்களில் சிறைக் கைதிகள் மஸ்டாங்குகளைப் பழக்கி ஏலத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கைதிகள் பழக்கிய குதிரைகளில் சில எல்லைக் காவல் படைக்குப் போயின. முதல் குதிரையிலேயே போட்டியில் குதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். பழகிய குதிரைகளோடு சில வருடம் வேலை செய்தவர், அப்புறம் ஒரு மஸ்டாங்கை நாள் கணக்கில்லாமல் பழக்கிப் பார்த்தவர், அதன் பிறகு போட்டிக்கு வருவதுதான் முறை.

குதிரை வரும் முன்

வேலியில் கஞ்சத்தனம் கூடாது. பழகாத வளர்ந்த குதிரைக்கு 6 அடி உயர வேலி வேண்டும் என்பது பணியகத்தின் விதி. ஒன்றரை வயதுக்குக் குறைந்ததற்கு 5 அடி போதும். ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி, அதாவது இருபதுக்கு இருபது இடம். முள்கம்பி அறவே ஆகாது. வெயில், பனி, காற்றுக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும். 6 அடி எதற்கு என்று கேட்பவர்கள், பயந்த மஸ்டாங் நின்ற இடத்திலிருந்து எகிறுவதைப் பார்த்ததில்லை.

இதோடு 50, 60 அடி விட்டத்தில் ஒரு வட்டப் பட்டி இருந்தால் நல்லது. வட்டத்தில் மூலை கிடையாது. மூலையில் மாட்டிக்கொண்ட குதிரைக்குத் திரும்பி உதைப்பது தவிர வேறு வழி தெரியாது. இரண்டு பட்டிக்கும் நடுவே கதவு போட்டு இணைத்துவிடுங்கள். தொட முடியாத குதிரையை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றக் கதவுதான் கை.

ஏற்றி வரும் வண்டிக்குக் கூரையும் உறுதியான தளமும் வேண்டும். கதவு பக்கவாட்டில் திறப்பதாக இருக்க வேண்டும், கீழே இறங்கும் சாய்தளம் கூடாது. சாய்தளத்துக்கும் வேலிக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் புதுக் குதிரை பாய்ந்துவிடும்.

தத்து எடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், விலங்கு வதை வழக்கு இருக்கக் கூடாது. கட்டணம் பெரிதில்லை, சில ஆண்டுகளாகவே குறைந்தபட்சம் 125 டாலர்தான். தீவனம், லாடம் அடிப்பவர், மருத்துவர் என்று அடுத்த 25 வருடத்துக்கு ஆகும் செலவின் முன் அது ஒன்றுமே இல்லை.

கழுத்தில் எழுதிய ஜாதகம்

குதிரையின் இடப்பக்கக் கழுத்தில், பிடரிக்குக் கீழே, வெள்ளை முடியில் கோடும் கோணமுமாக ஓர் அடையாளம் தெரியும். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த அச்சை அழுத்தினால் அந்த இடத்தில் நிறமிச் செல்கள் செத்து முடி வெள்ளையாக முளைக்கும். சூட்டுக்கோல் அளவுக்கு வலிக்காது. முதல் குறி அமெரிக்க அரசு, அடுத்தது பிறந்த ஆண்டு, மற்றவை பதிவு எண். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கோணம், விளக்க அட்டையை வைத்துக்கொண்டு படித்துவிடலாம். வளர்ந்து பிடிபட்ட குதிரையின் பிறந்த ஆண்டு பல்லைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

போட்டியில் குதிரை குலுக்கலில் வரும். நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் நிறத்தைப் பார்க்காதீர்கள். மந்தைக்கு நடுவே ஒரு மணி நேரம் கவனியுங்கள். முதலில் ஓடுவது எது, ஓடி நின்றதும் திரும்பி உங்களைப் பார்ப்பது எது? இரண்டாவதை எடுங்கள். பயந்தாலும் யோசிக்கத் தெரிந்த குதிரை அது. பொன்னிறமும் புள்ளியும் உள்ள குதிரைக்கு ஏலத்தில் விலை ஏறும், உண்மைதான். ஆனால் 100 நாளும் நீங்கள் வேலை செய்யப் போவது தோலோடு அல்லவே.

முதல் மூன்று நாள்: சும்மா இருங்கள்

விரட்டிவந்த ஹெலிகாப்டரின் சத்தம், பிடிபட்ட நாள், ஊசி, காயடிப்பு, அடையாளம், லாரி. இத்தனையும் பார்த்துவிட்டு வந்த குதிரை இது. இறங்கியதும் தண்ணீர், உலர்ந்த புல், உப்புக்கட்டி வைத்துவிட்டு விலகுங்கள். குடிக்கிறதா, சாணம் சரியாக விழுகிறதா, காலில் காயமா, மூக்கில் சளியா என்று வெளியே நின்று பார்த்தால் போதும். பல இடத்துக் குதிரைகளை ஒன்றாக அடைத்த பட்டியில் தொண்டை வீங்கும் தொற்று நோய்கள் உண்டு. வீட்டில் வேறு குதிரை இருந்தால் சில வாரம் தள்ளியே வையுங்கள்.

தீவனத்தில்தான் அன்பு மிகுந்தவர்கள் தப்பு செய்கிறார்கள். இளைத்திருக்கிறதே என்று தானியத்தை அள்ளி வைத்தால் வயிற்று வலியும் குளம்பு வீக்கமும் வந்து குதிரை படுத்துவிடும். சாதாரணப் புல்லில் தொடங்குங்கள். உடல் எடையில் 2 சதவீதம் வரை ஒரு நாளுக்குப் போதும். குதிரை மசால் சத்தானது, பெயரே சொல்கிறது, ஆனால் அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியே வந்த குதிரைகள் சோறும் கறியுமாக ஊட்டப்பட்டுச் செத்தன என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தப்பு பழையது.

கேரட்டும் ஆப்பிளும் நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அது தின்னும் பொருள் என்றே அதற்குத் தெரியாது. பட்டிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். உங்கள் வாசனையும் குரலும் புல்லோடு சேர்ந்து வரட்டும். ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அது படுத்துவிட்டால் நல்ல சேதி. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். ஆபத்து இல்லை என்று தோன்றாமல் அது படுக்காது.

முதல் தொடுகை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

குதிரை அழுத்தத்திலிருந்து கற்பதில்லை. அழுத்தம் விலகும் நொடியிலிருந்து கற்கிறது. நீங்கள் ஓர் அடி முன்னால் வைப்பதே அதற்கு அழுத்தம். அந்த அடியைப் பின்னால் எடுக்கும்போது அது என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுதான் சரி என்று அதன் தலையில் பதியும். அசையாமல் நிற்கும்போது பின்வாங்கினால் நிற்கக் கற்கும். ஓடும்போது பின்வாங்கினால் ஓடக் கற்கும். டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்ற பயிற்சியாளர்கள் மேற்கு மாநிலங்களில் பரப்பிய மென்மையான முறையின் அடித்தளம் இந்த நொடிக் கணக்குதான். பழைய பாணியில் கட்டிப்போட்டு, கண்ணைக் கட்டி, முறித்து அடக்குவார்கள். அதில் குதிரை அடங்கும், கற்காது.

செய்முறைக்கு வருவோம். பட்டிக்குள் நுழைந்ததும் நேராகக் குதிரையை நோக்கி நடக்காதீர்கள், அது வேட்டை விலங்கின் நடை. அரைவட்டமாக, தோள்பட்டையைப் பார்த்து, தளர்ந்த உடம்போடு போங்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிலும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் குருட்டு இடம். அந்த இரண்டிலும் நிற்க வேண்டாம்.

அதன் காதும் கழுத்தும் இறுகத் தொடங்கும் எல்லை ஒன்று இருக்கும். சில குதிரைக்கு 30 அடி, சிலதுக்கு 10. அந்த எல்லைக்கு ஒரு அடி முன்பே நில்லுங்கள். அது உங்களைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கித் திரும்பிக்கொள்ளுங்கள். சம்பளம் கொடுத்தாயிற்று. மறுபடி. அது ஓடிவிட்டால் துரத்தவும் வேண்டாம், விலகவும் வேண்டாம். அதே நிதானத்தில் இருந்து, அது நின்று ஒரு காதைத் திருப்பும் நொடியில் விலகுங்கள். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம், முடிந்தால் நடுவில் ஒன்று. ஒரேயடியாக மூன்று மணி நேரம் நின்று இரண்டு பேரும் களைத்துப் போவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கை எட்டும் தூரம் வருவதற்கு முன் நீளமான மூங்கில் கழி உதவும். 8, 10 அடிக் கழியின் நுனியில் துணியைச் சுற்றி, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் மெல்லத் தேய்க்க வேண்டும். ஏன் அங்கே? மந்தையில் இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று சொறிந்துகொள்வது அந்த இடத்தில்தான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கழி பட்டதும் குதிரை சுற்றி ஓடலாம். முடிந்தவரை கழி கூடவே போகட்டும். நின்றதும் எடுங்கள். நாளாக ஆகக் கழியில் உங்கள் பிடி முன்னேறும். ஒரு நாள் கழிக்குப் பதில் புறங்கை இருக்கும்.

முதல் முறை தொட்டதும் பெரும்பாலானோர் ஆசையாகத் தடவிக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம். இரண்டு நொடி தொட்டு, அது விலகுவதற்கு முன் நீங்கள் விலகுங்கள். கையை முதலில் எடுப்பவர் எப்போதும் நீங்களாகவே இருக்க வேண்டும்.

அப்புறம் வலப்பக்கம். இடப்பக்கம் எருமை மாதிரி நிற்கும் குதிரை, அதே கை வலது கண்ணில் படும்போது புதுப் பூதத்தைப் பார்த்தது போல் எகிறும். ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள், சலிக்காமல்.

நாக்கால் வாயைத் துழாவி மெல்லுவதை ‘ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று சிலர் கொண்டாடுவார்கள். இறுக்கம் தளர்வதன் அறிகுறி அது. அதற்கு முன் இறுக்கம் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. ஒரே பாடத்தில் பத்து முறை மென்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்.

தலைக்கயிறு, குளம்பு, வண்டி

கழுத்தில் கயிறு உரசுவதைப் பழக்கிவிட்டுத் தலைக்கயிறு மாட்டுங்கள். இழுத்து நடத்த வேண்டாம். பக்கவாட்டில் லேசாக ஒரு விசை கொடுத்துக் காத்திருங்கள். கழுத்து ஒரு அங்குலம் வந்தாலும் கயிற்றைத் தளர்த்துங்கள். அங்குலம் அடியாகும், அடி நடையாகும். விசைக்கு இணங்கக் கற்காத குதிரையைத் தூணில் கட்டினால் பின்னால் இழுத்துக் கழுத்தை முறித்துக்கொள்ளும். நடத்தக் கற்பிக்கும் முன் கட்டாதீர்கள். தலைக்கயிற்றோடு மேய்ச்சலில் விடவும் வேண்டாம்.

குளம்புக்கு வருவோம். ஓடிப் பிழைக்கும் விலங்கிடம் காலைக் கேட்பது அதன் உயிரைக் கேட்பது போல. முதலில் கழியால், அப்புறம் கயிற்றால், கடைசியாகக் கையால் கால் நெடுகத் தடவ வேண்டும். ஒரு நொடி தூக்கி, அது பிடுங்குவதற்கு முன் நீங்களே இறக்குங்கள். மறுநாள் இரண்டு நொடி. லாடம் அடிப்பவர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை வருவார், ஒவ்வொரு காலையும் நிமிடக் கணக்கில் பிடித்திருப்பார், முன்னங்காலைத் தன் முழங்கால் நடுவே இடுக்குவார். அவர் வருவதற்கு முன் அதையெல்லாம் நீங்கள் நடித்துப் பார்த்திருக்க வேண்டும். மஸ்டாங்கின் குளம்பு கல்லு மாதிரி உறுதியானது, பலதுக்கு லாடமே தேவைப்படாது. ஆனால் கல்லும் பாறையும் தேய்த்துவிடும் வாழ்க்கை போய்விட்டதால் செதுக்கித்தான் ஆக வேண்டும்.

வண்டி ஏற்றுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடும் பயிற்சியாளர்கள் போட்டி நாளன்று வாகன நிறுத்தத்தில் வியர்க்க வியர்க்க நிற்பார்கள். மூன்றாவது வாரத்திலேயே வண்டியைப் பட்டியோடு ஒட்டி நிறுத்தி உள்ளே புல் போடுங்கள். ஒரு கால் வைத்தது, இறக்கு. இரண்டு கால், இறக்கு. ஏறக் கற்றுக்கொடுப்பதில் பாதி, நிதானமாக இறங்கக் கற்றுக்கொடுப்பது.

சேணமும் முதல் சவாரியும்

மூன்று வயதுக்குக் குறைந்ததன் முதுகில் ஏற வேண்டாம். குதிரையின் முதுகெலும்பு முழுதாக முதிர 5, 6 வயது ஆகும். எடைக் கணக்கும் போடுங்கள். மஸ்டாங் பெரிய குதிரை இல்லை, பெரும்பாலும் 14, 15 கை உயரம். ஒரு கை என்பது 4 அங்குலம். 360 கிலோ எடையுள்ள குதிரைக்கு, 20 சதவீதம் என்ற பொது வரம்புப்படி, சுமை 72 கிலோ. அமெரிக்க மேற்கத்திய சேணம் மட்டுமே 15 கிலோ வரும். மிச்சம்தான் நீங்கள். ஒத்துவரவில்லை என்றால் எடை குறைந்த உதவியாளரை ஏற்றுங்கள், இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாயில் இரும்பு வைக்கும் முன் மருத்துவரிடம் பல்லைக் காட்டுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ‘ஓநாய்ப் பல்’ எனும் சிறு பல் சிலதுக்கு இருக்கும். கடிவாளம் அதில் இடித்தால் வலியில் தலையை உதறும், நீங்கள் அதைத் திமிர் என்று நினைப்பீர்கள். நடுவில் மூட்டுள்ள எளிய கடிவாளம் போதும். வாயில் ஒன்றும் இல்லாமல் மூக்கின் மேல் அமரும் போசால் எனும் வளையத்தில் தொடங்குவது ஸ்பானிய வழி வந்த கலிஃபோர்னியா மரபு. அதுவும் நல்லதே.

வயிற்றைச் சுற்றிப் பட்டை இறுகுவதுதான் குதிரைக்குப் பெரிய அதிர்ச்சி, புலி பாய்ந்து கவ்வும் இடம் போல. எனவே சேணத்துக்கு முன் நீண்ட கயிற்றை வயிற்றைச் சுற்றிப் போட்டு இறுக்கி, தளர்த்தி, இறுக்கிப் பழக்குங்கள். பிறகு கம்பளம், பிறகு சேணம். பட்டையை அரைகுறையாக இறுக்காதீர்கள். சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கினால் ஒரு மாத வேலை பாழ். பூட்டியதும் வட்டப் பட்டியில் விட்டு ஓடட்டும், துள்ளட்டும். அங்கவடிகள் விலாவில் தட்டும் சத்தம் சாதாரணமாகும் வரை ஏறாதீர்கள்.

முதல் சவாரிக்கு முன் ஒரு பாடம் கண்டிப்பாக முடிந்திருக்க வேண்டும்: ஒரு பக்கக் கடிவாள வாரை இழுத்தால் கழுத்தை வளைத்து, பின்னங்காலை விலக்கி நிற்பது. உங்கள் கைப் பிரேக் அது. ஹெல்மெட் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். முதல் நாள் அங்கவடியில் எடையை வைத்து இறங்குவது, குறுக்கே படுப்பது, உட்கார்ந்து எண்ணி ஐந்து விநாடியில் இறங்குவது, இவ்வளவுதான். பலருக்கு இந்த நாள் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வருகிறது. உங்களுக்கு ஏழாவது வாரத்தில் வந்தால் வரட்டும். அது போட்டியில் சில மதிப்பெண் குறைக்கும். அவசரப்பட்டு விழுந்தால், மனிதன் மேலே இருந்தால் விழுவான் என்று குதிரை கற்றுக்கொள்ளும்.

நடை, தொங்கோட்டம், பாய்ச்சல் மூன்றும் வந்ததும் வட்டத்தை விட்டு வெளியே கூட்டிப் போங்கள். அரங்கத்துக்குள் மட்டுமே பழகிய மஸ்டாங்கைப் பார்த்திருக்கிறேன், அஞ்சல் பெட்டியைக் கண்டு நடுங்கியது. மரப்பாலம், தார்ப்பாய், ஓடை, திறந்து மூடும் கதவு, இழுத்துவரும் கட்டை. தடைக்குப் பழக்குவதிலும் அதே கணக்கு: தார்ப்பாயைப் பார்த்து நின்று மூக்கை நீட்டினால் விலகிக்கொள்ளுங்கள். ஓட இடமில்லாமல் அடைத்து, அசையாமல் நிற்கும் வரை பிளாஸ்டிக் பைகளால் சாத்தும் முறையை விட்டுவிடுங்கள். அது பழகிய குதிரை இல்லை, நம்பிக்கையைக் கைவிட்ட குதிரை. என்றாவது வெடிக்கும்.

போட்டி நாட்கள்

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் மாறும், படிவத்தை வரி விடாமல் படியுங்கள். பொதுவாக மூன்று தொடக்கச் சுற்று. கையில் பிடித்து நடத்துதல், குளம்பு தூக்குதல், உடல்நிலை ஆகியவை ஒன்றில். வழித்தடத் தடைகள் இன்னொன்றில். குறிப்பிட்ட வடிவத்தில் ஓட்டி, நின்று, திரும்புவது மற்றொன்றில். முன்னணியில் வருபவர்கள் இறுதிச் சுற்றில் இசையோடு தங்கள் விருப்பப்படி ஆடிக் காட்டுவார்கள். உடல்நிலைக்கு, 1983இல் ஹெனெக்கி வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோல் பயன்படும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் 5, அதுதான் இலக்கு. வேறு மாநிலத்துக்குக் குதிரையைக் கொண்டுபோக தொற்று ரத்தச் சோகை நோய்க்கான காகின்ஸ் பரிசோதனைச் சான்றும் மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டியிருக்கும், தேதியைப் பார்த்து முன்கூட்டியே எடுங்கள்.

இறுதிச் சுற்று ஆட்டத்துக்கு வேடம், கொடி, சவுக்குச் சத்தம் எல்லாம் வைப்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள். குதிரையைப் படுக்கவைக்கும் வித்தையை மட்டும் நான் சேர்க்க மாட்டேன். வாங்கிப் போனவர் தெரியாமல் அதே குறிப்பைக் கொடுத்துவிட்டால் மேலே இருப்பவரோடு படுக்கும்.

கடைசி வாரம் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். கைதட்டலுக்குப் பழக்க, பதிவுசெய்த கூட்டச் சத்தத்தை லாயத்தில் மெதுவாக ஒலிக்கவிடுங்கள்.

ஏலமும் புது வீடும்

ஏலத்துக்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். தீவனம் என்ன, எவ்வளவு. எந்தப் பக்கம் ஏறப் பழகியது. எதைக் கண்டு பயப்படும். எத்தனை முறை துள்ளியது, எப்போது. மறைத்து விற்ற குதிரை திரும்பி வரும், அல்லது இன்னும் மோசமான இடத்துக்குக் கைமாறும். வருபவரிடம் நீங்களும் கேளுங்கள்: இதற்கு முன் இளங்குதிரை வைத்திருந்தாரா, வேலி எவ்வளவு உயரம், வீட்டில் ஓட்டப்போவது யார்? பத்து வயதுக் குழந்தைக்கு முதல் குதிரையாக 100 நாள் மஸ்டாங் வேண்டும் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும். நல்ல பெயர் அங்கேதான் கிடைக்கும்.

ஏலத்தில் எடுப்பதும் தத்துதான். எடுத்த அன்றே குதிரை அவருடையதாகிவிடாது. ஓராண்டு வரை அது அரசாங்கத்தின் சொத்து, விற்கவோ கொடுத்துவிடவோ முடியாது. ஆண்டு முடிவில், நன்றாகப் பராமரித்ததற்கு மருத்துவர் போன்ற தகுதியுள்ள ஒருவரின் சான்றோடு விண்ணப்பித்தால் உரிமைப் பத்திரம் வரும். பத்திரம் வந்ததும் சட்டப் பாதுகாப்பு விலகிவிடும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

புது வீட்டில் முதல் வாரம் சின்னப் பட்டியிலேயே இருக்கட்டும், மேய்ச்சல் நிலத்தில் விட்டால் பிடிப்பதற்கு மறுபடி ஒரு மாதம் ஆகும். நீங்கள் பயன்படுத்திய அதே தலைக்கயிற்றைக் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் கைமாறும் முன் அவரைக் கொண்டு ஒரு முறை மாட்டவைத்து, நடத்தவைத்து, நாலு குளம்பையும் தூக்கவைத்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் தொலைபேசி வரும். பெரும்பாலும் வரும். “உங்ககிட்ட நல்லா இருந்துச்சு, இங்க தலைக்கயிறு எடுத்தாலே ஓடுது” என்பார். பதறாதீர்கள், குதிரையைக் குறை சொல்லவும் வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: அது ஓடும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? “சரி போகட்டும்னு கயிற்றை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்கு வந்துடுவேன்” என்று பதில் வந்தால், காரணம் தெரிந்துவிட்டது. நாளைக்குக் காலையில் 15 நிமிடம் ஒதுக்கி, அது நின்று திரும்பிப் பார்க்கும் வரை பட்டியிலேயே இருக்கச் சொல்லுங்கள். பார்த்ததும் ஓர் அடி பின்னால்.